மஞ்சள் தொண்டைச் சின்னான் பிரான்மலையில் உண்டா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் மஞ்சள் தொண்டைச் சின்னான் என்ற புல்புல் வகைப் பறவையைப் பற்றிக் கொஞ்சம் எழுதிவிட்டு, இந்த மாதிரி அழிந்துவரும் காட்டுப் பறவைகள் எங்கெல்லாம் இருக்கக்கூடும் என்று கணினியில் கணித்து வரைபடம் போடுகிறார்கள் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன். பறவையை விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு செட்டிநாட்டுப் பக்கமிருந்து கடிதம் கடிதமாக வந்துவிட்டது. சரி, இந்த இதழ்ப் பக்கம் முழுக்க அதற்கே.

கே: பறவை இருக்கிறதா இல்லையா என்று போய்ப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது. இதற்கு எதற்குக் கணினியும் வரைபடமும்?
– ஒரு வாசகர், காரைக்குடி

ப: போய்ப் பார்த்தால் தெரியும்தான். எங்கே போவீர்கள்?

மஞ்சள் தொண்டைச் சின்னான் தென்னிந்தியாவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. 1845இல் ஜெர்டான் என்ற மருத்துவர் இதை முதலில் விவரித்து எழுதினார். தென்னிந்தியாவிலும் எல்லா இடத்திலும் இருக்காது. பெரிய பெரிய பாறைகள் உருண்டு கிடக்கிற செங்குத்துச் சரிவு, அந்தப் பாறை இடுக்குகளில் முள்ளும் புதரும் குட்டை மரங்களும், அப்படிப்பட்ட குன்றுகள்தான் அதற்கு வேண்டும். கர்நாடகத்தில் நந்தி மலைக்கும் ஆந்திரத்தில் ஹார்ஸ்லி மலைக்கும் இதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் போகிறார்கள். ஆனால் அனந்தப்பூரில் ஆரம்பித்து நம்ம மேலூர், நத்தம், சிங்கம்புணரிக்குப் பக்கத்துப் பிரான்மலை வரைக்கும் இதே முகஜாடையில் எத்தனை குன்று இருக்கிறது, எண்ணி முடியுமா? ஒவ்வொன்றிலும் விடியற்காலையில் ஏறி, புதருக்குள் கூச்சப்பட்டு ஒளிகிற ஒரு பறவைக்காகக் காத்திருக்க ஆளும் கிடையாது, பணமும் கிடையாது.

அதனால் இப்படிச் செய்கிறார்கள். பறவையை நிச்சயமாகப் பார்த்த இடங்களை முதலில் புள்ளிகளாகக் குறித்துக்கொள்வது. அந்தப் புள்ளிகளில் மழை எவ்வளவு, எந்த மாதத்தில், வெயில் எவ்வளவு, உயரம் என்ன, சரிவு எப்படி, செடிகொடி எப்படி என்று பார்ப்பது. அதே சேர்க்கை வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று கணினியை விட்டுத் தேடச் சொல்வது. ஒவ்வொரு இடத்துக்கும் 0 முதல் 1 வரை ஒரு மதிப்பெண் விழும். 1ஐ நெருங்கினால் சிவப்பு, 0 என்றால் வெள்ளை. வண்ணம் அவரவர் இஷ்டம்.

சிவப்பு என்றால் பறவை அங்கே இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. ஜாதகத்தில் பத்துக்கு ஒன்பது பொருத்தம் வந்தாலே கல்யாணம் முடிந்துவிட்டதா என்ன? பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே ஊரில்கூட இல்லாமல் இருக்கலாம். முதலில் எந்தக் குன்றில் ஏறுவது, இரண்டாவது எதில் ஏறுவது என்று வரிசை போட்டுக் கொடுப்பதுதான் இந்த வரைபடத்தின் வேலை. அந்த அளவில் அது ரொம்பப் பெரிய உதவி.

கே: மழை, வெயில், உயரம் எல்லாம் கணினிக்கு யார் சொல்கிறார்கள்? பிரான்மலையில் எந்த அலுவலகமும் மழைமானி வைத்துப் பார்க்கவில்லையே.
– பெயர் வேண்டாம் என்ற ஆசிரியை, தேவகோட்டை

ப: நல்ல கேள்வி, டீச்சர். இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் வரைபடம் ஏமாற்றுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

உயரக் கணக்கு நம்பகமானது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் பூமியைச் சுற்றி ரேடாரால் அளந்த கணக்கு அது. 30 மீட்டருக்கு ஒரு அளவு கிடைக்கிறது, எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அதிலிருந்தே சரிவையும் கணக்கிட்டுவிடலாம். செடிகொடிக்குச் செயற்கைக்கோள் படம் இருக்கிறது, ஐரோப்பியர்களின் சென்டினல் படங்களில் 10 மீட்டர் வரைக்கும் தெரியும்.

தட்பவெப்பத்தில்தான் சிக்கல். உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பயன்படுத்துவது வேர்ல்டுகிளிம் என்ற தொகுப்பு. அதில் 19 கணக்குகள் உண்டு, வருட மழை, வறண்ட மூன்று மாதத்து மழை, வருடச் சராசரி வெப்பம், வெப்பம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று இப்படி. வானிலை நிலையங்கள் அளந்ததை வைத்துக்கொண்டு, நிலையம் இல்லாத இடத்துக்கு உயரத்தையும் அக்கம்பக்கத்தையும் பார்த்து இட்டு நிரப்பியிருக்கிறார்கள். அதாவது பிரான்மலையின் மழை என்று அது சொல்வது அளந்த மழை இல்லை, கணித்த மழை. கணிப்பின் மேல் இன்னொரு கணிப்பு ஏறுகிறது.

அடுத்தது, கட்டத்தின் அளவு. அந்தத் தொகுப்பில் மிக நுணுக்கமான கட்டமே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர். பிரான்மலையில் கீழே கொடுங்குன்றநாதர் கோயிலில் கும்பிட்டுவிட்டு மேலே தர்கா வரைக்கும் ஏறியவர்களுக்குத் தெரியும், அந்த ஒரு கிலோமீட்டருக்குள் எத்தனை விதமான இடம் வந்துபோகிறது என்று. அடிவாரத்தில் புளியமரம், வயல். நடுவில் வெக்கை அடிக்கிற வெறும் பாறை. இடுக்குகளில் திடீரென்று நிழலும் ஈரமும். பறவைக்கு வேண்டியது அந்த இடுக்கு. கட்டத்துக்குக் கிடைப்பதோ எல்லாவற்றுக்குமான சராசரி. சமவெளியில் இது பெரிய குற்றமில்லை, எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரிதான். தனியாக எழுந்து நிற்கிற குன்றுகளில்தான் அடிபடும், நம்ம பக்கத்துக் குன்றுகள் எல்லாமே அந்த வகை.

மூன்றாவதாக ஒன்று, இதைச் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது. நமக்கு மழை ஐப்பசி கார்த்திகையில். நந்தி மலைப் பக்கம் ஆடி ஆவணியிலேயே நன்றாகப் பெய்யத் தொடங்கிவிடும். பறவை பார்த்த புள்ளிகளில் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்து வந்திருந்தால், 'இந்தப் பறவைக்குத் தென்மேற்குப் பருவமழை வேண்டும்' என்று கணினி தானாகவே கற்றுக்கொள்ளும். அப்புறம் அது நம்ம குன்றுகளை வெள்ளையடித்துவிடும், பாறையும் புதரும் எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் சரி. பறவைக்கு உண்மையிலேயே அந்த மழை தேவையா, அல்லது பார்க்கப் போனவர்கள் பெங்களூர்க்காரர்கள் என்பதாலா? கணினிக்கு இரண்டும் ஒன்றுதான்.

கே: தம்பி, நீ எழுதுவதை என் பேத்தி வாசித்துக் காட்டுவாள். காடு காடு என்கிறாய், நம்ம சீமையில் காடு எங்கே இருக்கிறது? எங்கே பார்த்தாலும் தைலமரம்தான்.
– ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்

ப: ஆச்சி, ஒரே வரியில் ஆராய்ச்சியாளர்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிற விஷயத்தைக் கேட்டுவிட்டீர்கள்.

வானத்திலிருந்து பார்த்தால் தைலமரத் தோப்பும் பச்சை, சீமைக்கருவேலமும் பச்சை, கோயில்காடும் பச்சை. நில வகைப்பாட்டு வரைபடங்கள் பலவற்றில் மூன்றும் 'மரப்பரப்பு' என்று ஒரே நிறத்தில் கிடக்கும். காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை வரைக்கும் செம்மண்ணும் சரளையுமாக இருக்கிற மேட்டு நிலத்தில் வரிசை வரிசையாக நட்ட தைலமரத்தைக் காடு என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், காட்டுப் பறவைக்குச் செட்டிநாடு சொர்க்கம் என்று வரைபடம் சொல்லும். உள்ளே போய் நின்று பாருங்கள், அடியில் ஒரு செடி இருக்காது, காய்ந்த இலைதான். பழம் தின்கிற பறவைக்கு அங்கே என்ன வேலை?

இதற்கு ஒரு வழி இருக்கிறது, அதுவும் உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். மார்கழியில் எடுத்த படத்தையும் சித்திரையில் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். மழை முடிந்த மார்கழியில் எல்லாமே பச்சை, ஒன்றையும் பிரிக்க முடியாது. சித்திரை வெயிலில் நம்ம பழைய முட்காடு, உசிலும் கிளுவையும் காரையும் சூரையுமாக நிற்கிற அந்தக் காடு, பாதிக்கு மேல் இலையை உதிர்த்துப் பழுப்பாகிவிடும். தைலமரமும் சீமைக்கருவேலமும் அப்போதும் பச்சையாகவே நிற்கும். இந்த வித்தியாசத்தை ஒரு தனிக் கணக்காகக் கணினிக்குக் கொடுத்தால் அது ஓரளவு பிரித்துவிடும். கொடுக்காமல் போட்ட வரைபடத்தை நான் மதிப்பதில்லை. பேத்தியிடம் சொல்லுங்கள், அறிவியல் படிக்கிறாள் என்றால் இதையே ஒரு திட்டவேலையாகச் செய்யலாம்.

கே: எங்கள் தோட்டத்து வேலியில் எடுத்த புகைப்படம் அனுப்பியிருக்கிறேன். இது மஞ்சள் தொண்டைச் சின்னான்தானே? வரைபடத்தில் பொன்னமராவதியையும் சேர்க்கச் சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், பொன்னமராவதி

ப: படம் தெளிவாக இருக்கிறது, நன்றி. ஆனால் இது வெண்புருவச் சின்னான். கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடு போட்டிருக்கிறது பாருங்கள், அது மஞ்சள் தொண்டைச் சின்னானுக்குக் கிடையாது. கன்னத்துக்குக் கீழே லேசான மஞ்சள் சாயலும் வால் அடியில் மஞ்சளும் இதற்கும் உண்டு, அதனால்தான் குழப்பம். மஞ்சள் தொண்டைக்குத் தொண்டை முழுக்கப் பளிச்சென்ற மஞ்சள், தலையும் மஞ்சள் பூசிய பச்சை, வால் நுனியில் வெளிர் மஞ்சள். தோட்டத்து வேலி, கருவேலம் புதர், கிணற்றடி என்றால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வெண்புருவம்தான். புதருக்குள்ளிருந்து திடீரென்று கடகடவென்று கொட்டிவிட்டு மௌனமாகிற குரல் கேட்டிருப்பீர்களே, அதுதான்.

இதில் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் தவறான ஒரு புள்ளி என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு, சொல்லியே ஆக வேண்டும்.

மத்திய இந்தியாவில் காட்டுச் சிறு ஆந்தை என்று ஒன்று இருக்கிறது. 1873இல் ஹியூம் என்ற ஆங்கிலேயப் பறவையியலாளர் அதற்குப் பெயர் வைத்தார். 1884க்குப் பிறகு யாருக்கும் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்று சொல்வதா, ஒரு விதிவிலக்கு இருந்தது. ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹேகன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1914இல் குஜராத்தில் மாண்ட்வி அருகே ஒன்றைப் பிடித்ததாக அவருடைய சேகரிப்பில் ஒரு பதப்படுத்திய பறவை இருந்தது, சீட்டும் ஒட்டியிருந்தது. பறவையைத் தேடியவர்கள் அந்த இடத்தையும் ஒரு முக்கியமான தடயமாக எடுத்துக்கொண்டு தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. பிறகு பமீலா ராஸ்முசென் என்ற பறவையியலாளர் அந்தப் பறவையை நுணுக்கமாக ஆராய்ந்தபோது குட்டு வெளிப்பட்டது. அது 1880களில் டேவிட்சன் என்பவர் சேகரித்த பறவை. அருங்காட்சியகத்திலிருந்து திருடி, தையலைப் பிரித்து மறுபடி பதப்படுத்தி, புது இடம், புது தேதி போட்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறார் மனிதர்! அந்தப் போலிச் சீட்டை ஒதுக்கிவிட்டு, உண்மையான பழைய சீட்டுகளில் இருந்த இடங்களை மட்டும் வைத்துக்கொண்டு ராஸ்முசெனும் கூட்டாளிகளும் 1997 நவம்பரில் தேடிப் போனார்கள். மகாராஷ்டிரத்தில் ஷஹாதா அருகே, பட்டப்பகலில், இலையில்லாத மரத்தில் ஆந்தை உட்கார்ந்திருந்தது. 113 வருடம் கழித்து.

நமக்குப் பொய் சொல்லும் நோக்கம் இல்லை, தெரியும். ஆனால் கணினிக்குப் பொய்யும் ஒன்றுதான், தவறும் ஒன்றுதான். அரிய பறவைக்கு மொத்தமே ஐம்பது அறுபது புள்ளிதான் இருக்கும் என்றால், பொன்னமராவதித் தோட்டத்து வேலி ஒன்று உள்ளே நுழைந்தால் போதும், சமவெளித் தோட்டமெல்லாம் அதற்கு ஏற்ற இடம் என்று வரைபடம் சிவக்க ஆரம்பித்துவிடும்.

கே: எம்.எஸ்சி. திட்டவேலைக்காக மேக்ஸென்ட் மென்பொருளில் மஞ்சள் தொண்டைச் சின்னானுக்கு வரைபடம் போட்டேன். துல்லிய மதிப்பெண் 0.97 வந்தது. வழிகாட்டிக்கு ரொம்பச் சந்தோஷம். ஆனால் எனக்கு ஏனோ நம்பிக்கை வரவில்லை.
– ஒரு மாணவி, காரைக்குடி

ப: உங்கள் சந்தேகம்தான் சரியான விஞ்ஞானம், அம்மா. 0.5 என்றால் காசு சுண்டிப் போட்ட மாதிரி, 1 என்றால் முழுப் பொருத்தம், அதனால் 0.97 கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

முதலில், எந்தப் பரப்பை எடுத்துக்கொண்டீர்கள்? இந்தியா முழுவதையும் எடுத்திருந்தால் மதிப்பெண் தானாக ஏறும். தார்ப் பாலைவனத்திலும் இமயமலையிலும் தென்னிந்தியப் பறவை இல்லை என்று சொல்லக் கணினி எதற்கு? பறவை போய்ச்சேரக்கூடிய பரப்புக்குள் மட்டும் வைத்துப் பாருங்கள், 0.97 சரசரவென்று இறங்கும். இறங்கட்டும்.

அப்புறம், உங்கள் புள்ளிகள் எங்கிருந்து வந்தன? பறவை பார்ப்பவர்கள் தாங்கள் பார்த்ததைப் பதிந்து வைக்கிற இ-பேர்ட் இணையதளத்திலிருந்து என்றால், பறவை எங்கே இருக்கிறது என்பதோடு கூடவே பறவை பார்ப்பவர்கள் எங்கே கார் நிறுத்துகிறார்கள் என்பதும் அதில் பதிவாகியிருக்கும். நந்தி மலையில் ஒரே வளைவில் நூறு பேர் பார்த்து நூறு புள்ளி போட்டிருப்பார்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு புள்ளி என்று களைந்துவிடுங்கள். மேக்ஸென்ட் ஒப்பிடுவதற்காக நிலப்பரப்பெங்கும் 10,000 இடங்களைத் தானாகப் பொறுக்கிக்கொள்ளும் இல்லையா, அதை அப்படியே விட்டுவிடாமல், மற்ற பறவைகளை ஆட்கள் பதிந்த இடங்களிலிருந்து பொறுக்கச் சொல்லுங்கள். அப்போது 'சாலை ஓரம்' என்ற கோளாறு இரண்டு பக்கமும் சமமாகி அடிபட்டுப்போகும்.

வேர்ல்டுகிளிமின் 19 கணக்கையும் மொத்தமாகக் கொட்டியிருந்தால் அதிலும் கை வையுங்கள். பாதி ஒன்றுக்கொன்று நகல் போன்றவை. பறவையைப் பற்றித் தெரிந்ததை வைத்து ஐந்தோ ஆறோ எடுங்கள். சரிவும் பாறையும் இந்தப் பறவைக்குக் கட்டாயம். சோதித்துப் பார்ப்பதற்கும் புள்ளிகளைக் குலுக்கிப் போட்டுப் பிரிக்காதீர்கள், பக்கத்துப் பக்கத்துப் புள்ளிதான் இரண்டு கட்சியிலும் இருக்கும். கர்நாடகத்தை வைத்துக் கற்றுக்கொடுத்து, தமிழ்நாட்டுப் புள்ளிகளைச் சரியாகச் சொல்கிறதா என்று பாருங்கள். அது கடினமான பரீட்சை. அதில் 0.75 வந்தால்கூட 0.97ஐவிட எனக்கு அது மேல். வழிகாட்டி முகம் சுளித்தால் இந்தப் பக்கத்தை நீட்டுங்கள்.

கே: வரைபடத்தில் சிவப்பாக இருக்கிறது, போய்ப் பார்த்தால் பறவை இல்லை. அப்படியென்றால் கணிப்பு தப்புதானே? தப்பை ஏன் மூடி மறைக்கிறீர்கள்?
– ஒரு வாசகர், திருப்பத்தூர்

ப: யாரும் மூடவில்லை, கோபம் வேண்டாம். நீலகிரியில் சோலைக்காட்டுத் தரையில் திரியும் ஒரு சின்னப் பறவை, நீலகிரிச் சோலைக்கிளி. பெயரில்தான் கிளி, பார்த்தால் ராபின் சாதி. அது அருகிய இனம். அதற்குத் தட்பவெப்பத்தை மட்டும் வைத்து வரைபடம் போட்டால் நீலகிரி சிவக்கும், கூடவே பழனி மலை, ஆனைமலை உச்சிகளும் சிவக்க வாய்ப்பு அதிகம். அதே குளிர், அதே மேகம், அதே சோலை. ஆனால் அங்கே நீலகிரிச் சோலைக்கிளி ஒன்றுகூடக் கிடையாது. நடுவில் பாலக்காட்டுக் கணவாய் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு வெக்கையான தாழ்வாகக் கிடக்கிறது. குளிர்ந்த சோலையை விட்டு வெளியே வராத பறவை அதைத் தாண்டாது. தெற்கே இருப்பது அதன் சொந்தக்காரப் பறவை, வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி, வேறு இனம்.

கணிப்பு தப்பா? இடம் ஏற்றது என்று சொன்னது, இடம் ஏற்றதுதான். பறவை போய்ச்சேர வழியில்லை. சில இடங்களில் போய்ச்சேர்ந்து இருந்திருக்கும், விறகுக்கு வெட்டியும் தீ வைத்தும் நாம் துரத்தியிருப்போம். சில இடங்களில் உண்மையாகவே கணிப்பு தப்பு. மூன்றில் எது என்பதை வரைபடம் சொல்லாது, களத்துக்குப் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கே: இதனால் உருப்படியாக ஏதாவது நடந்திருக்கிறதா?
– ஒரு வாசகர், கோட்டையூர்

ப: நடந்திருக்கிறது. ஆந்திரத்தில் கடப்பைப் பக்கம் முட்புதர்க் காட்டில் வாழ்ந்த பறவை ஜெர்டான் கல்குருவி, தெலுங்கில் கலிவி கோடி. 1848இல் ஜெர்டான் கண்டது. 1900க்குப் பிறகு காணவில்லை, அற்றுப்போனது என்றே முடிவுகட்டிவிட்டார்கள். 1986இல் பரத் பூஷண் என்ற ஆய்வாளர் மறுபடி கண்டுபிடித்தார், உள்ளூரில் பறவை பிடிக்கிற ஒருவர் உதவியோடு. ராத்திரியில் மட்டும் நடமாடும், நெருங்கினால் ஓடும். இதற்கு எப்படிப் புள்ளி வைப்பது?

பறவை ஆய்வாளர் ப. ஜெகநாதனும் குழுவினரும் புதர்களுக்கு நடுவே மெல்லிய மண்ணைப் பட்டை பட்டையாகப் பரப்பி வைத்தார்கள். ராத்திரி பறவை நடந்தால் காலையில் பாதச்சுவடு இருக்கும். அந்தச் சுவடுகளையும் புதர்களின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டதில், ஒரு ஹெக்டேருக்கு 2 மீட்டரைவிட உயரமான புதர் 300 முதல் 700 வரையும், அதைவிடக் குட்டையானவை 1000க்குக் குறைவாகவும் இருக்கிற இடத்தில்தான் அது அதிகம் நடமாடுகிறது என்று தெரிந்தது. ரொம்ப அடர்த்தியானாலும் பிடிக்காது, மொட்டையானாலும் பிடிக்காது. இதைச் செயற்கைக்கோள் படத்தோடு சேர்த்தார்கள், எங்கே தேடுவது, எதைக் காப்பது என்று ஒரு வழி கிடைத்தது. 2005இல் தெலுங்கு கங்கைத் திட்டக் கால்வாய் வேலை அந்தக் காட்டுக்குள் வந்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. எந்த இடம் பறவைக்கு வேண்டும் என்று சொல்ல ஆதாரம் கையில் இருந்தது, கால்வாயின் பாதை மாற்றப்பட்டது.

நம்ம ஊரில் ஆடு மேய்க்கிற ஆட்களுக்குத் தெரிந்த புதரும் புல்லும் அங்கே எண்ணிக்கையாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அதனாலேயே எனக்கு இந்த ஆய்வு பிடிக்கும்.

கே: எங்கள் ஊருக்குப் பக்கத்துக் குன்றைக் கல்குவாரிக்குக் கேட்கிறார்கள். ஒரு வரைபடத்தில் அந்தக் குன்று வெள்ளையாக இருக்கிறது, முக்கியமான பறவை ஒன்றும் இல்லை என்று ஒருவர் காட்டினார். என்ன சொல்வது?
– ஒரு வாசகர், சிங்கம்புணரி

ப: அந்தக் குன்றில் ஏறி யாராவது பார்த்தார்களா என்று கேளுங்கள். பார்த்திருந்தால் எந்த மாதம், எத்தனை மணிக்கு, என்னென்ன பறவை, பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். பார்க்காமல் வெள்ளை என்றால் அதற்கு 'தெரியவில்லை' என்றுதான் பொருள். ஒரு கிலோமீட்டர்க் கட்டம், கர்நாடக மழை, இரண்டையும் மேலே டீச்சருக்குச் சொன்னேன், அதையும் சேர்த்துக் கேளுங்கள். மஞ்சள் தொண்டைச் சின்னான் உலக சிவப்புப் பட்டியலில் அழிவாய்ப்பு இனமாக இருப்பதற்குக் கல்குவாரி ஒரு முக்கியமான காரணம் என்பதையும் சொல்லுங்கள்.

அரிட்டாபட்டியை நினைவில் வையுங்கள். அந்த மேலூர்க் குன்றுகள் 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானதில், லகர் வல்லூறும் மற்ற பறவைகளும் அங்கே இருக்கின்றன என்று வருடக்கணக்காக ஆட்கள் பார்த்துப் பார்த்து எழுதி வைத்ததற்குப் பெரிய பங்கு உண்டு. 2024இல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனபோதும் ஊர்க்காரர்கள் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. உங்கள் குன்றுக்கு அப்படி ஒரு பட்டியல் இருக்கிறதா? இல்லையென்றால் இன்றைக்கே ஆரம்பியுங்கள், பெரிய பறவையாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை.

கே: வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கும் இப்படி ஒரு வரைபடம் போடலாமே?
– ஒரு மாணவர், கொள்ளுகுடிப்பட்டி

ப: தேவையில்லை தம்பி. நத்தைக்குத்தி நாரையும் கொக்கும் கண்மாய் மரத்தில் கூடு கட்டி ஊருக்கே தெரிகிற மாதிரி உட்கார்ந்திருக்கும்போது கணிப்பு எதற்கு? வருடா வருடம் கூட்டை எண்ணுங்கள், அது போதும். பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு வேறு என்ன சொல்லிக்கொடுப்பது?

கே: சரியான இடத்தைப் பொதுவில் போட்டால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கூட்டம் வந்துவிடாதா?
– ஒரு வாசகி, பள்ளத்தூர்

ப: வரும். கூடு இருக்கும் இடத்தைப் போடவே வேண்டாம், குஞ்சு பறந்து போன பிறகு போடுங்கள். மிக அரிய இனங்களுக்கு இ-பேர்டே சரியான இடத்தை மறைத்துவிடுகிறது. வாட்ஸ்அப் குழுக்கள் மறைப்பதில்லை, அங்கேதான் கவனம் வேண்டும். செல்போனில் குரலைப் போட்டுப் பறவையை வெளியே இழுக்கும் பழக்கமும் வேண்டாம்.

கே: கடைசியில் பிரான்மலையில் இருக்கிறதா இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.
– நண்பர்கள் சிலர், குன்றக்குடி

ப: ஒரே வார்த்தையில் என்றால்: ஏறுங்கள்.

பொங்கல் சமயத்தில் நாலு நாள் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், 2015லிருந்து நடக்கிறது. அதற்குப் பெயர் கொடுத்துவிட்டு, வனத்துறையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வெயில் ஏறுவதற்கு முன் மேலே இருக்கிற மாதிரி கிளம்புங்கள். படிக்கட்டு வழியே நேராக உச்சிக்குப் போய்விட்டால் பிரயோசனமில்லை. பாறைச் சரிவில் இச்சி, ஆல் எங்கே பழுத்திருக்கிறது என்று பார்த்து, எதிர்ப் பாறையில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்காருங்கள். பார்த்த எல்லாப் பறவையையும் எழுதுங்கள், காக்கையையும் சேர்த்து. 'பார்த்த எல்லாவற்றையும் பதிந்தீர்களா' என்று இ-பேர்ட் கேட்கும், ஆம் என்று சொல்ல முடிந்தால்தான் அந்தப் பட்டியலுக்கு மதிப்பு, ஏனென்றால் அப்போதுதான் மஞ்சள் தொண்டை அதில் இல்லாததும் ஒரு தகவல். பார்க்கவில்லை என்றால் வெறும் கையோடு வந்ததாக நினைத்துப் பட்டியலைப் போடாமல் விட்டுவிடாதீர்கள். இன்னொரு காலையிலும், வேறு சரிவிலும் பாருங்கள். பார்த்தால் தொண்டையும் வாலும் தெரிகிற மாதிரி ஒரு படம், முடிந்தால் குரலும் செல்போனில்.

கே: அதற்கு எந்த பைனாகுலர் வாங்குவது?
– அதே நண்பர்கள்

ப: 8க்கு 42, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். அதற்கு மேல் பெரிதாக வாங்கினால் கை நடுங்கும், மலையேறும்போது கழுத்தும் வலிக்கும். மூன்று பேர் சேர்ந்து ஒன்று வாங்குங்கள்.